நான்கே கால் மணிக்குப் பயம் ஐந்து

பிப்ரவரி 4

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மருத்துவ வாரியத்தின் முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் மறுபடி ரயில் ஓட்டலாமா என்று முடிவு செய்கிற கூட்டம். கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் சரி. கடைசியில் மனநல டாக்டர் அம்மா ஒரு அச்சடித்த தாளை என் பக்கம் தள்ளி, "இது நீங்கதானேம்மா?" என்று கேட்டார்.

உங்கள் பல்கலைக்கழக இதழ். உன் பெயர் போட்ட கட்டுரை. 'முப்பத்தாறு வயதுப் பெண் ரயில் ஓட்டுநர், லெவல் கிராசிங் விபத்து.' என் பெயரைப் போடவில்லையே என்பாய். எங்கள் பிரிவில் ரயில் ஓட்டுகிற பெண்கள் மொத்தமே இரண்டு பேர். இன்னொருத்திக்கு இருபத்து நாலு வயது. இதைக் கண்டுபிடிக்க டாக்டர் துப்பறியும் போலீசாகவா இருக்க வேண்டும்?

உன் ஆய்வில் சேரக் கையெழுத்துப் போட்டேன். இல்லையென்று சொல்லவில்லை. ஆறு வாரம், நாளுக்கு ஐந்து தடவை போன் கிணுகிணுக்கும். பயம் எவ்வளவு, கோபம் எவ்வளவு, நிம்மதி எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் அமுக்க வேண்டும். அமுக்கினேன். அதை வைத்து நீ என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள். ஆனால் 'ஹாரனை அமுக்கிய கை என் கை மாதிரியே இல்லை' என்று நான் எந்தப் போனிலும் அமுக்கவில்லை. விபத்து நடந்த மறு மாதம் நீ வந்து பத்து நாள் என்னோடு தங்கினாயே, அப்போது சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொன்னேன். பக்கத்தில் துண்டோடு நின்று தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த என் அண்ணனிடம் சொன்னேன். அவன் ஆய்வாளர் என்று அன்றைக்கு எனக்கு ஞாபகம் இல்லை.

கட்டுரையின் கடைசிப் பத்தியை டாக்டர் எனக்கே வாசித்துக் காட்டினார். 'ஜோக் அடித்து மழுப்புகிறார். பேசுவதைத் தவிர்க்கிறார். நாள் தவறாமல் அதே நேரத்தில் பயம் உச்சத்துக்குப் போகிறது. இவரைப் போன்றவர்கள் பழைய பணிக்குத் திரும்ப அவசரப்படக் கூடாது.' முடிவை மார்ச் 18க்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். கூடவே ஒரு படிவமும் கொடுத்தார்கள். அதில் ஒரு கையெழுத்துப் போட்டால் நான் நிரந்தரமாகக் கால அட்டவணை அலுவலகத்துக்குப் போய்விடலாம். மின்விசிறி உண்டாம், ஜன்னல் உண்டாம்.

கையெழுத்துப் போட மாட்டேன். பதினோரு வருடம் ஓட்டியிருக்கிறேன். இனியும் ஓட்டுவேன்.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுது. எழுதினால் தபாலில் போடும் முன் ஒரு தடவையாவது படித்துப் பார்ப்பாய்.

தங்கை

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ புண்பட்டிருப்பது புரிகிறது. ஆனால் சில விஷயங்களை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அந்தக் கட்டுரை உன்னைப் பற்றியது இல்லை. வேலையில் கோர விபத்தைப் பார்த்த எழுபத்து நாலு பேரைப் பற்றியது. பஸ் ஓட்டுநர்கள், ஆம்புலன்ஸ்காரர்கள், தீயணைப்புத் துறையினர் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். துயரம் வரும்போது மனிதர்கள் தினசரி வாழ்க்கையில் என்ன செய்கிறார்கள், எது அவர்களை மீட்கிறது, எது இன்னும் அமுக்குகிறது என்பதுதான் கேள்வி. பேசுகிறவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள், அடக்கிக்கொள்கிறவர்கள் தாமதமாகத் தேறுகிறார்கள் என்று எண்கள் சொல்கின்றன. நான் சொல்லவில்லை.

உன் வாசகத்தைச் சேர்த்தது ஓர் உதாரணத்துக்காக. அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். அது கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உன் எண்களைப் பார்த்தவன் நான். ஆறு வாரமும் மாலை நான்கே கால் மணிக்கு உன் பயம் ஏறுகிறது. மற்ற நேரத்தில் ஒன்று, இரண்டு என்று இருப்பது அப்போது மட்டும் ஐந்துக்குத் தாவுகிறது. சராசரி நாலு. விபத்து நடந்ததும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான். அதற்கு என்ன செய்தீர்கள் என்ற கேள்விக்கு, 'பேசினேன்', 'கவனத்தைத் திருப்பினேன்' என்று எத்தனையோ கட்டங்கள் இருக்க, நீ அத்தனை நாளும் அமுக்கியது 'எதுவும் செய்யவில்லை'. இதைப் பார்த்துவிட்டு ஆயிரம் பயணிகளை இழுத்துக்கொண்டு போ என்று எப்படிச் சொல்வேன்?

அலுவலக வேலை ஒன்றும் தோல்வி இல்லை. ஒரு வருடம் இருந்து பார். அம்மாவும் அதைத்தான் விரும்புவாள்.

உன் அண்ணன்

பிப்ரவரி 13

அண்ணனுக்கு,

பாப்பா என்று கூப்பிடாதே. நான் இழுக்கிற ரயிலுக்கு இருபத்தோரு பெட்டி.

அம்மாவை இதில் இழுக்காதே. அம்மா நான் சைக்கிள் ஓட்டுவதையே விரும்பவில்லை.

'கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறாய். சிக்னலில் சிவப்பைத் தாண்டிப் போய்விட்டு நான் அந்த வார்த்தையை எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? எங்கள் துறையில் அதற்குப் பெயர் குற்றம்.

என் ஜோக்குகளை 'மழுப்பல்' என்ற கட்டத்தில் போட்டாயாமே. எங்கள் ஓய்வறையில் இருக்கிறவர்களில் ஆறு பேருக்கு இதே அனுபவம் உண்டு. விடுப்பு முடிந்து முதல் நாள் நான் உள்ளே நுழைந்தபோது யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. எல்லோரும் டீ கிளாசையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்தான், "என்னப்பா, டீயில ஈ விழுந்துடுச்சா, இப்படிப் பாக்கறீங்க?" என்றேன். ஒருவர் சிரித்தார். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தச் சிரித்த மனிதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கு ஒம்பது வருஷம் ஆச்சு, இன்னும் அந்த வளைவு வந்தா வாய் காஞ்சு போகுது" என்றார். அந்த ஜோக் இல்லாவிட்டால் அவர் வாயைத் திறந்திருக்க மாட்டார். மழுப்பலாம்!

உனக்கு ஒரு வேலை. சராசரியைத் தூக்கி ஓரமாக வை. என் நான்கே கால் மணிகளை மட்டும் எடு. நாற்பத்திரண்டு இருக்கும். முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை வரிசையாக, ஒன்றன் கீழ் ஒன்றாக எழுது. கம்ப்யூட்டர் வேண்டாம், கையால் எழுது.

அதற்கப்புறமும் எனக்கு அலுவலக நாற்காலிதான் சரி என்று தோன்றினால், அதை டாக்டருக்கு எழுது. எனக்கு எழுதாதே.

தங்கை

பிப்ரவரி 20

தங்கச்சிக்கு,

எழுதினேன். உன் பேச்சுக்காக முணுமுணுத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன்.

முதல் வாரம்: ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. இரண்டாம் வாரமும் அப்படியே. மூன்றாம் வாரத்தில் இரண்டு இடத்தில் நாலு. நாலாம் வாரம் முழுக்க நாலு. ஐந்தாம் வாரத்தில் ஒரு மூன்று வந்தது, மறுநாள் மறுபடி ஐந்து, பிறகு மூன்று, மூன்று. கடைசி வாரம் மூன்று, மூன்று, இரண்டு. கடைசி நாள் இரண்டு.

பயம் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்துகொண்டிருக்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. மொத்தமாகக் கூட்டி வகுத்தபோது எனக்கு நாலு என்று வந்தது. அந்த நாலைப் பிடித்துக்கொண்டு உன் தலையெழுத்தை எழுதிவிட்டேன். புள்ளிவிவர வகுப்பில் முதலாண்டு மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது.

தானாகக் குறைகிற பயம் இப்படி ஒரே மணிக்கு ஏறி இறங்காது. மற்ற நான்கு வேளையும் நீ அமைதியாக இருக்கிறாய். அப்படியென்றால் நான்கே காலுக்கு நீ எங்கேயோ இருந்திருக்கிறாய், எதையோ செய்திருக்கிறாய். என்ன செய்தாய் என்று இப்போது ஆய்வுக்காகக் கேட்கவில்லை. விருப்பம் இருந்தால் சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்கு நீ பாத்திரம் தேய்த்துக்கொண்டே பேசி முடித்ததும், "குளிச்சிட்டு வரேன்" என்று போனேனே, நான் குளிக்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, நோட்டில் நீ சொன்னதை வரிக்கு வரி எழுதினேன். ஆராய்ச்சிக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. நீ எனக்குத் தங்கையாக இருந்தபோது என்னால் உன்னைப் பார்க்க முடியவில்லை. 'பங்கேற்பாளர் எண் 31' ஆனதும் பார்க்க முடிந்தது. எழுபத்து நாலு பேர் எப்படித் தப்பிக்கிறார்கள் என்று பட்டியல் போட்டவன், தான் தப்பிப்பதை எந்தக் கட்டத்திலும் போடவில்லை.

கவனக்குறைவு என்று எழுதியது தவறு. அனுமதி இல்லாமல் எடுத்தேன்.

நேற்று இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன். உன் வாசகத்தை நீக்க வேண்டும், உன்னைப் பற்றிய முடிவு தவறு என்று என் பெயரில் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவுக்கும் நானே தெரிவித்துவிட்டேன். துறைத் தலைவர் கூப்பிட்டு, "வாயை மூடிட்டு இருந்திருந்தா யாருக்குங்க தெரியப்போகுது?" என்றார். "என் தங்கச்சிக்குத் தெரியும் சார்" என்றேன். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

அண்ணன்

பிப்ரவரி 27

அண்ணா,

நான்கு பத்துக்கு அந்த கிராசிங்கை என் ரயில் தாண்டும். இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். உன் போன் நான்கே காலுக்குக் கிணுகிணுக்கும்போது நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன். டவுன் பஸ்ஸில் போய், ரயில் தாண்டும்வரை கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, திரும்பி வருவேன். உன் பட்டியலில் 'போய் நின்றேன்' என்று ஒரு கட்டம் இல்லை. அதனால் 'எதுவும் செய்யவில்லை' என்று அமுக்கினேன்.

முதல் நாள் ரயில் வருவதற்குள் ஓடிவிட்டேன். இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாம் நாள் கேட் கீப்பர் அம்மா வெளியே வந்தார்.

"என்னம்மா வேணும் உனக்கு? மூணு நாளா பாக்கறேன்."

"அன்னிக்கு அந்த ரயிலை ஓட்டினது நான்."

அவர் உள்ளே போய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். அன்று முதல் அது என் ஸ்டூல். நான் அவரை 'கேட்டக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தேன். விபத்து அன்று கேட்டை ஒழுங்காக மூடியவர் அவர்தான். அப்படியும் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் அவரைத்தான் திட்டினார்கள். நாங்கள் அதைப் பற்றிப் பேசவே மாட்டோம். அவருடைய முழங்கால் வலி, மகளின் பரீட்சை, என்னை அலுவலகத்தில் டியூட்டிப் பட்டியல் தட்டச்சு செய்ய வைத்திருக்கிற கொடுமை என்று ஏதாவது பேசுவோம். ரயில் வரும் சத்தம் கேட்டதும் இரண்டு பேரும் வாயை மூடுவோம். போனதும் மிச்சத்தைத் தொடர்வோம்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே அவராகவே சொன்னார்: "அந்த ஆளு என்னைப் பாத்துக் கை காட்டிட்டுத்தான் குனிஞ்சாரு. 'ஒரே நிமிஷம்'னு விரலைக் காட்டினாரு. சிரிச்சாரு கூட." அன்றைக்குத்தான் மூன்றிலிருந்து மறுபடி ஐந்துக்குப் போனது. மூடிய கேட்டுக்கு அடியில் சைக்கிளோடு குனிந்து நுழைந்த அந்த மனிதரை நான் முன்னூறு மீட்டர் தூரத்திலிருந்துதான் பார்த்தேன். பிரேக் பிடித்து ரயில் நின்றபோது எழுநூறு மீட்டர் தாண்டியிருந்தது. அவர் சிரித்தது எனக்கு அதுவரை தெரியாது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாக அழுதேன். மறுநாள் நான்கு மணிக்கு ஸ்டூலில் இருந்தேன்.

இனி நீ கேட்காத ஒன்று. இதையும் தெரிந்துகொள்.

திங்கள்கிழமை எனக்கு வாரியம் கேட்ட சோதனை ஓட்டம். காலி ரயில், பக்கத்தில் இன்ஸ்பெக்டர். கிராசிங்குக்கு முன்னால் ஹாரன் அடிக்கச் சொல்கிற பலகை வந்தது. ஹாரனை அமுக்கினேன். எடுக்கக் கை வரவில்லை. கிராசிங் தாண்டி, பாலம் தாண்டி, கை அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. இன்ஸ்பெக்டர்தான் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் தூக்கினார். "போதும்மா, ஊரே எந்திரிச்சு நிக்குது" என்றார். ரயிலை நிறுத்தி இறங்கி, ஷெட்டுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். வாயைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு மறுபடி போகலாம் சார்" என்றேன். "அடுத்த வாரம் பாப்போம்" என்றார். "நாளைக்கு சார்" என்றேன். வியாழக்கிழமை கொடுத்தார்.

இடையில் இரண்டு நாள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பழகினேன். செய்வதை எல்லாம் சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் செய்தேன். 'பலகை. ஹாரன். விடு. கை பிரேக் மேல. கண் முன்னால.' எதிர் வீட்டுக்காரர் நான் யாரையோ அதட்டுகிறேன் என்று எட்டிப் பார்த்தார். வியாழக்கிழமை அப்படியே சத்தமாகச் சொன்னேன். 'விடு' என்றதும் கை விட்டது. உடம்பெல்லாம் வேர்த்தது, ஆனால் விட்டது.

டாக்டருக்கு நீ எழுதப் போகிறாய் என்று தெரியும். எனக்குப் பரிந்து எழுதாதே. திங்கள்கிழமை நடந்ததையும் சேர்த்து எழுது. அதை மறைத்து எனக்கு எந்த அனுமதியும் வேண்டாம்.

தங்கை

மார்ச் 8

தங்கச்சிக்கு,

டாக்டருக்கு அனுப்பிய கடிதத்தின் நகல் இத்துடன் இருக்கிறது. தபாலில் போடுவதற்கு முன் உன் சம்மதத்துக்கு அனுப்பினேனே, நீ பென்சிலால் அடித்த இரண்டு வரியும் இதில் இல்லை. 'துணிச்சலான பெண்' என்பதை அடித்தாய், சரி. 'சகோதரன் என்ற முறையில்' என்பதையும் அடித்தாய். அதை எடுக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. எடுத்துவிட்டேன். நாற்பத்திரண்டு எண்களும் வரிசையாக இருக்கின்றன. ஸ்டூல் இருக்கிறது. திங்கள்கிழமை இருக்கிறது, வியாழக்கிழமையும் இருக்கிறது.

நெறிமுறைக் குழு முடிவு சொல்லிவிட்டது. ஒரு வருடம் நான் புதிதாக யாரையும் ஆய்வில் சேர்க்கக் கூடாது. திட்டத்தை என் இளைய சகா நடத்துவார். கேட்டபோது காது சூடாகிவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். நோட்டை எடுக்கவில்லை.

பழைய எழுபத்து நாலு பேருடைய எண்களையும் வரிசையாக வைத்துப் பார்க்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இதுவரை இருபது பேர் முடித்தேன். உன்னைப் போல ஏழு பேர் இறங்குகிறார்கள். நாலு பேர் ஏறிக்கொண்டே இருக்கிறார்கள். சராசரியில் இவர்கள் நன்றாக இருப்பதாகத்தான் தெரிந்தார்கள். இதில் ஒருவர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். அந்த நாலு பேரையும் உடனே தொடர்புகொள்ளச் சொல்லிச் சகாவிடம் சண்டை போட்டு, இன்று அவர்கள் ஆலோசகரைப் பார்க்க ஏற்பாடாகியிருக்கிறது. நீ என்னைக் கையால் எழுத வைத்திருக்காவிட்டால் அவர்கள் என் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

பதினெட்டாம் தேதி வாரியத்துக்கு நான் வரட்டுமா? உள்ளே வர மாட்டேன். வெளியே பெஞ்சில் இருப்பேன்.

அண்ணன்

மார்ச் 26

அன்புள்ள அண்ணா,

பெஞ்சில் நீ உட்கார்ந்திருந்தாய், நான் வெளியே வந்தேன், டீ குடித்தோம், உன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. உள்ளே நடந்ததை முழுதாகச் சொல்லவே நேரமில்லை.

டாக்டர் அம்மா உன் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு, திங்கள்கிழமையைப் பற்றித்தான் முதலில் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன், வாந்தி உட்பட. கடைசியில் கேட்டார்:

"இன்னும் பயமா இருக்கா?"

"இருக்கு டாக்டர்."

"அப்புறம் எப்படி ஓட்டுவீங்க?"

"பயத்தோடதான் ஓட்டுவேன். கை என் பேச்சைக் கேக்குதான்னு மட்டும் பாருங்க. அதை இன்ஸ்பெக்டர் பக்கத்துல உக்காந்து பாக்கட்டும்."

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்த்து, "முப்பது டிரிப் அவர் கூட வருவார். சரியா இருந்தா அப்புறம் தனியா" என்றார். நான் அலுவலகப் படிவத்தை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தேன்.

நேற்று முதல் ஓட்டம். நான்கு பத்து ரயில், இருபத்தோரு பெட்டி, பயணிகளோடு. சிலிர்ப்பாக ஏதாவது எழுதுவேன் என்று எதிர்பார்க்காதே. பாதித் தூரம்வரை நான் யோசித்தது என் புதுச் செருப்பு கடிக்கிறது என்பதைத்தான். பிறகு அந்தப் பலகை வந்தது. வாய் காய்ந்தது. சத்தமாகச் சொன்னேன். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நான் கூச்சப்படக் கூடாதென்று. ஹாரன். விடு. விட்டது. கேட்டுக்கு வெளியே இரண்டு மோட்டார் சைக்கிளும் ஒரு பள்ளி வேனும் நின்றன. கேட்டக்கா பச்சைக் கொடியைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார். டியூட்டியில் கை ஆட்டக் கூடாது, அவரும் ஆட்டவில்லை, நானும் ஆட்டவில்லை. ஆனால் கொடி கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்தது.

எல்லாம் சரியாகத்தான் போனது, ஒன்றைத் தவிர. கிராசிங்குக்கு முன்னால் தேவைக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிட்டேன். கடைசி நிலையத்தில் இரண்டு நிமிடத் தாமதம். ஸ்டேஷன் மாஸ்டர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேனாவும் கையுமாகக் காத்திருந்தார்.

"ரெண்டு நிமிஷம் லேட்டும்மா. காரணம் என்ன எழுதட்டும்?"

சிக்னல் என்று சொல்லியிருக்கலாம். இன்ஸ்பெக்டரே வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஓட்டுநர்னு எழுதுங்க சார்."

எழுதினார். கீழே கையெழுத்துப் போட்டேன். இன்று ஒரு நிமிடம்தான் தாமதம். மிச்சம் இருபத்தெட்டு டிரிப்.

தங்கை